வெடிக்கு முன்னால் அழுத கார்

என் மகள் தூங்கும் தூளிக்குள் ஓடு விழுந்ததற்கு நீங்கள்தான் காரணம், குவாரி மேனேஜர் ஐயா. எலி இல்லை. பேய் இல்லை. நீங்கள்.

இதை உங்கள் ஆபீசுக்கே வந்து சொன்னேன். உட்காரச் சொன்னீர்கள், மோர் கொடுத்தீர்கள், பேச்சை மாற்றினீர்கள். அதனால் இப்போது நாலு பேர் படிக்கிற பத்திரிகையில் சொல்கிறேன். ஆனால் முழுக்க உங்களைப் பற்றியே எழுத எனக்கு மனசில்லை. மைக்செட் அண்ணனைப் பற்றி எழுதுகிறேன். எழுத எழுத நீங்களே உள்ளே வந்துவிடுவீர்கள்.

உலகத்திலேயே காது கேட்காமல் சத்தத்தை விற்றுப் பிழைத்த ஒரே மனிதர் எங்கள் மைக்செட் அண்ணன்தான். கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டி, வாழ்நாள் முழுக்க அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இருந்த காதை ஒவ்வொரு விசேஷத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு வந்தார். இப்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால் பாதி கேட்கும். மீதியை அவரே இட்டு நிரப்பிக்கொள்வார். பாட்டு சரியாகப் பாடுகிறதா என்று பார்க்க உள்ளங்கையை ஸ்பீக்கர் பாக்ஸின்மேல் வைத்துக் கண்ணை மூடுவார். "ம்ம். பாடுறா" என்பார். பாடுவது ஆணாகவும் இருக்கும்.

அவருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருக்கிறது. ரேஷன் கடைக்காரரே அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்தப் பெயரைச் சொன்னாலும் அவர் திரும்பப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொரு பழக்கம். யாரிடம் பேசத் தொடங்கினாலும் முதலில் மைக்கைத் தட்டிப் பார்ப்பதுபோல இரண்டு தடவை செக் சொல்வார்.

"செக்... செக்... தங்கச்சி, கொழம்பு மிச்சம் இருக்கா?"

தெருமுனை வரைக்கும் கேட்கும். நான் குழம்பு வைத்தது, மிச்சம் வைத்தது, அவருக்குக் கொடுத்தது எல்லாம் ஊருக்குத் தெரிந்துவிடும். "மெதுவாப் பேசுங்கண்ணே" என்று நான் அவர் காதில் கத்துவேன். என் தொண்டை கெட்டது அவரால்தான். டாக்டர், "நீங்க டீச்சரா?" என்று கேட்டார். தையல்காரி என்றேன். நம்பவில்லை.

எங்கள் தெரு அரியலூருக்கு வெளியே இருக்கிறது. லாரிகள் வெள்ளைப் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. எல்லாம் ஓட்டு வீடுகள். கடைசி வீட்டுக்கு அப்பால் கருவேலங்காடு, அதற்கு அப்பால் சுண்ணாம்புக்கல் குவாரி. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், வந்தால்தான் வந்தார். நான் வாசல் அறையில் மிஷின் போட்டிருக்கிறேன். மிஷினுக்குப் பக்கத்தில் உத்திரத்தில் தூளி கட்டி, காலால் மிஷின், இடையில் கையால் தூளி என்று ஓட்டுவேன். தூளிக்கு நேர் மேலே நாட்டு ஓடு. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். தூளி கட்ட உத்திரம் வேண்டும், உத்திரத்துக்கு மேலே ஓடுதான் இருக்கும்.

என் வாசலுக்கு நேர் எதிரே மைக்செட் அண்ணனின் கார் நிற்கும். வெள்ளை அம்பாசிடர். பாடாலூர் ரோட்டோரம் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரரிடம் வாங்கினார். அந்த ஆள் அதைக் காராக வைத்திருக்கவில்லை, சின்ன வெங்காயம் போட்டு வைக்கும் அறையாக வைத்திருந்தார். இன்றைக்கும் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் கண்ணில் தண்ணீர் வரும். கல்யாண வீட்டுக்கு அதில் போய் இறங்கினால் துக்கத்துக்கு வந்தவர்கள் மாதிரி இறங்குவோம்.

ஒரு கல்யாணத்தில் அந்தக் காருக்குள் இருந்து யாரோ ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு பெரம்பலூர் போய், கார் அலங்காரச் சாமான் விற்கும் ஒரு கடையில் திருட்டு அலாரம் மாட்டிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்தால் கத்தும், காரைத் தட்டினால் கத்தும். காட்டினார். பானட்டுக்குள் இருந்த சின்ன ஹாரன் ஆறு விதமாகக் கத்தியது. தெருவே காதைப் பொத்தியது. அண்ணன் பானட்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"செக்... செக்... கொசு கத்துற மாதிரி இருக்கு. இது எந்தத் திருடனுக்குக் கேக்கும்?"

மறுநாளே அந்த ஹாரனின் பிளாஸ்டிக் வாயைக் கழற்றி எறிந்துவிட்டு, தன்னுடைய பழைய குழாய் ஸ்பீக்கர் ஒன்றின் வாயை அதில் திருகிவிட்டார். அது ஒரு சாவு வீட்டில் விழுந்து விரிசல் விட்ட குழாய்.

அன்று மத்தியானம்தான் அது முதன்முதலாக அழுதது.

எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம். தெருவில் ஆள் இல்லை. வெயிலில் கிடந்த நாய்கள் ஒவ்வொன்றாக எழுந்து காருக்கு அடியில் போய்ப் படுத்தன. நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தேன். அடித்தொண்டையில் ஆரம்பித்தது. மெதுவாக மேலே ஏறி, உச்சியில் விரிசல் விட்டு, இரண்டு குரலாகப் பிரிந்து, மறுபடி இறங்கியது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் தரையில் புரண்டு அழுகிற குரல். காருக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஒரு இலைகூட அசையவில்லை. நான் ஒரு மூச்சு இழுத்தேன். அப்புறம்தான் குவாரியில் வெடி வெடித்தது.

என் விரலில் ஊசி ஏறியிருந்தது. அதைப் பிறகுதான் பார்த்தேன்.

மறுநாளும் அதேதான். அதற்கடுத்த நாளும். முதலில் அழுகை, ஒரு மூச்சு, பிறகு வெடி. வெடிக்குப் பயந்து கத்தினால் புரிகிறது. வெடிக்கு முன்னாலேயே எப்படிக் கத்தும்? பக்கத்து வீட்டு சரோஜா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"ஏ புள்ள, அதுக்கு முன்னாடியே தெரிஞ்சுருதுடி. எப்படிடி தெரியுது?"

அந்தக் காரின் சொந்தக்காரருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. கார் ஓலமிட, அதன்மேல் சாய்ந்து நின்று நிம்மதியாகப் பல் குத்திக்கொண்டிருப்பார். தெருவே தன்னை முறைப்பதைப் பார்த்துக் கும்பிடு போடுவார்.

அந்த வாரம் வாலிகண்டபுரத்தில் ஒரு பெரிய சாவு. அண்ணன் குழாய் கட்டப் போனார். காரைப் பந்தலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார். பறை அடிக்க ஆரம்பித்ததும் கார் அழ ஆரம்பித்துவிட்டது. பறை நின்றால் நிற்கிறது, அடித்தால் அழுகிறது. ஒப்பாரி வைத்த பெண்கள் முதலில் நடுங்கிப்போனார்களாம். பிறகு போட்டி வந்துவிட்டது. கார் ஏற ஏற இவர்களும் ஏறியிருக்கிறார்கள். செத்துப்போனவரின் சொந்த மருமகள் அதுவரை கண்ணே கலங்காமல் இருந்தவளாம், அவளே காரைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். அடுத்த மாதம் அதே ஊரிலிருந்து இன்னொரு சாவுக்கு ஆள் வந்தது. "மைக்செட்டு வேணாங்க, எங்ககிட்ட இருக்கு. காரு மட்டும் வந்தாப் போதும்" என்றார்கள்.

எனக்கு அது போதவில்லை. எனக்குத் தைக்க வேண்டும், குழந்தை தூங்க வேண்டும். பெரம்பலூரிலிருந்து கார் எலக்ட்ரீஷியன் ஒருவனை நானே வரவழைத்தேன். வரதராசன்பேட்டைப் பையன், பெயர் சவரி. கழுத்தில் ஜெபமாலை, கையில் டெஸ்ட் லாம்ப், வாய் நிறைய நம்பிக்கை.

"அக்கா, கதவு சுச்சுல துரு. கதவு தொறந்து கெடக்குன்னு நெனச்சுக்கிட்டுக் கத்துது. மாத்திட்டா முடிஞ்சுது."

நாலு கதவுக்கும் மாற்றினான். மத்தியானம் அழுதது. வெடித்தது.

"பானட் சுச்சா இருக்கும்க்கா."

அதையும் மாற்றினான். அழுதது. வெடித்தது. சவரி சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

மறுநாள் வந்தான். "கரண்ட் இருந்தாத்தானே கத்தும்? பேட்டரியவே கழட்டிடறேன்" என்று ஸ்பானரை எடுத்து ஒயரை விடுவித்தான். ஒயர் பேட்டரியை விட்ட அந்த நொடியிலேயே கார் ஓலமிட்டது.

பேட்டரி அவன் கையில் இருக்கிறது. கார் அழுகிறது.

"மாதாவே!" என்று பேட்டரியைக் கீழே போட்டுவிட்டு ஓடியவன் டீக்கடையில்தான் நின்றான். தெருவில் இருந்த பெண்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். யாரும் கிட்டப் போகவில்லை. அது நிறுத்தவே இல்லை. இத்தனை நாளும் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு அடங்கும். இன்றைக்கு விடாமல் அழுதது. சரோஜா அக்கா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து காருக்கு முன்னால் வைத்துவிட்டுப் பின்னாலேயே நடந்து வந்தாள்.

டீக்கடையில் இருந்து யாருக்கோ போன் போட்டுக் கேட்டுவிட்டு சவரி திரும்பி வந்தான். முகம் வெளுத்திருந்தாலும் வாய் திரும்பியிருந்தது.

"ஒண்ணும் இல்லக்கா. அந்த ஹாரனுக்கு உள்ளேயே குட்டி பேட்டரி ஒண்ணு இருக்காம். திருடன் பெரிய பேட்டரியக் கழட்டுனா இது கத்தணும்னு வெச்சிருக்காங்க. நிறுத்த ஒரு சாவி இருக்கு." அண்ணனிடம் திரும்பிக் கத்தினான். "சாவி எங்கண்ணே?"

"செக்... செக்... ஆவியா? அதெல்லாம் இல்ல தம்பி, பயப்படாத."

சாவி தொலைந்துவிட்டது. குட்டி பேட்டரி தீரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. குரல் மெல்ல மெல்ல இறங்கியது. வெயில் சாயும்போது முனகலாகிவிட்டது. பிறகு விட்டு விட்டு ஒரு விக்கல். பிறகு அதுவும் இல்லை. நான் ஆஸ்பத்திரியில் ஒரு உயிர் போவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இது அப்படியே இருந்தது. நின்ற பிறகும் நாங்கள் கலையவில்லை. அடுப்பைப் பற்றவைக்கப் போக யாருக்கும் கால் வரவில்லை. அண்ணன் பானட்டைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

சவரி அந்தக் குட்டி பேட்டரியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பெரிய பேட்டரியைத் திரும்ப மாட்டினான். அடுத்த நாள் மத்தியானம் காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டான். கண்ணில் தண்ணீர் கொட்ட, அது வெங்காயத்தினாலா பயத்தினாலா என்று தெரியாமல், காத்திருந்தான். அழுதது. ஒரு மூச்சு. வெடித்தது. இறங்கி வந்தான்.

"அக்கா, இது எப்படிக்கா முன்னாடியே கத்துது?"

நான் என் கத்தரிக்கோலைக் காட்டினேன். மிஷினுக்கு மேலே ஆணியில் தொங்கும். இத்தனை நாளாகக் கார் அழுகிற அதே நேரத்தில் அதுவும் லேசாக ஆடியதைப் பார்த்திருந்தேன். பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் அதைப் பார்த்தார், சவரியைப் பார்த்தார், என்ன பேச்சு என்று ஊகித்துக்கொண்டார்.

"செக்... செக்... சத்தம் நடந்து வரும், தங்கச்சி. தரை ஓடி வரும். திருவிழாவுல தெரு பூரா குழா கட்டுனா, கடேசிக் குழாப் பாட்டு நமக்கு லேட்டாத்தானே வரும்? வெடிச்ச ஒடனே தரை வந்து கையத் தொட்டுரும். சத்தம் அப்புறம் வந்து சேரும்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா காரு அழுவுறது அதனால இல்ல. அது வாலிகண்டபுரத்துச் சாவுல கத்துக்கிட்டது."

வாலிகண்டபுரம் போவதற்கு முன்பிருந்தே அழுகிறது என்று அவர் காதில் கத்த எனக்கு அன்று தெம்பில்லை.

சவரி அதற்குள் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டிருந்தான். காரைத் தட்டினால் உணர்கிற டப்பா ஒன்று அங்கே இருந்தது. அதில் ஒரு சின்னத் திருகு. எவ்வளவு பலமாகத் தட்டினால் கத்த வேண்டும் என்று வைப்பதற்கு. அது கடைசி வரைக்கும் முறுக்கப்பட்டிருந்தது. தரை லேசாக நடுங்கினாலே கத்தும்.

"யாரு இத ஃபுல்லா வெச்சது?" என்று திருகைக் காட்டி அண்ணன் காதில் கத்தினான்.

அண்ணன் பெருமையாக நெஞ்சைத் தொட்டார். "நாந்தான். கடைக்காரன் பாதில வெச்சிருந்தான். வால்யூம் கம்மியா வெச்சா எவனுக்குக் கேக்கும்?"

அவ்வளவுதான் விஷயம். சவரி தலையில் அடித்துக்கொண்டு திருகைக் குறைத்தான். பாதியில் வைத்துவிட்டு, இனி கத்தாது என்று சொல்லிப் போய்விட்டான்.

கத்தவில்லை. மறுநாள் மத்தியானம் தெரு அமைதியாக இருந்தது. சரோஜா அக்கா அடுப்படியில் இருந்தாள். வெடி வெடித்தது. பரணில் இருந்த பித்தளை அண்டா நேராக அவள் காலில் விழுந்தது. எதிர்வீட்டில் கண்ணாடி அலமாரி உடைந்தது. நான் தூளியின்மேல் குனிந்து படுத்துக்கொண்டேன். மேலே ஓடு நறநறவென்றது. விழவில்லை.

சவரிக்குப் போன் போட்டேன்.

"தம்பி, வந்து அந்தத் திருகத் திரும்ப ஃபுல்லா வெச்சுட்டுப் போ."

"அக்கா, ஒங்க தெருவுக்கே ஏதாச்சும் ஆயிருச்சா?"

இதை உங்களுக்குப் புரியவைக்கிறேன், மேனேஜர் ஐயா. வெடி வைப்பதற்கு முன்னால் உங்கள் ஆள் ஒருவர் மொபெட்டில் சிவப்புக் கொடி கட்டிக்கொண்டு, விசில் ஊதிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருவார். விசில் கேட்டால் பரணில் இருப்பதைக் கீழே இறக்குவோம். தூளியில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு புங்க மரத்தடிக்குப் போய்விடுவோம். வெடி முடிந்ததும் திரும்பி வருவோம். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. கார் அழுவதற்குக் கொஞ்சம் முன்பே அந்த விசில் தெருமுனையோடு நிற்க ஆரம்பித்திருந்தது. கார் அழ ஆரம்பித்த பிறகு டீக்கடையோடு நின்றது. அப்புறம் நின்றேவிட்டது. கார்ச் சத்தத்திலும் பயத்திலும் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. கார் அழும், அந்த ஒரு மூச்சுக்குள் ஆளுக்கு ஆள் பரணைப் பிடிப்பார்கள், நான் குழந்தையை அள்ளிக்கொண்டு வாசலுக்குப் பாய்வேன். அப்படியே பழகிவிட்டோம். கார் அழாத அன்றைக்குத்தான் கொடி வராதது தெரிந்தது.

சரோஜா அக்கா கட்டுப் போட்ட காலோடு டீக்கடைக்குப் போய் கொடி ஆளைப் பிடித்தாள். நானும் கூடப் போனேன்.

"ஏம்ப்பா, எங்க தெருப் பக்கமே ஒன்னியக் காணும்?"

"அதான் ஒங்க தெருவுல காரு கத்துதேக்கா. அதவிடவா என் விசிலு கேக்கப் போவுது?"

"அது வெடிக்கிறப்பத்தான்டா கத்துது! நீ வெடிக்கிறதுக்கு முன்னாடில்ல ஊதணும்!"

"எனக்கென்னக்கா தெரியும். மேனேஜர் போதும்னாரு."

நூறு பேர் வேலை செய்யும் குவாரி, எங்கள் தெருவின் பாதுகாப்பை ஒரு வெங்காயக் காரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தது.

சவரி வந்து திருகைத் திரும்ப ஃபுல்லில் வைத்துவிட்டுப் போனான். அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு குவாரி லீவு. லாரி ஓடாது, புழுதி கிளம்பாது. அன்று காலையில் நாய்கள் எழுந்து காருக்கு அடியில் போயின. கார் அழுதது. குழந்தையை அள்ளிக்கொண்டு பாய்ந்தேன். ஒரு மூச்சு. ஒன்றும் வெடிக்கவில்லை. பூமிக்கு அடியில் யாரோ பெரிய கதவைச் சாத்தியதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கத்தரிக்கோல் ஆடிக்கொண்டிருந்தது. மறுநாள் கிணற்றில் தண்ணீர் சுண்ணாம்பு கலந்து பால் மாதிரி வந்தது.

அடுத்த ஞாயிறும் கதவு சாத்தப்பட்டது.

அப்போதுதான் உங்கள் ஆபீசுக்கு முதல் தடவை வந்தேன். நீங்கள் சொன்னது எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

"ஞாயித்துக்கெழம இங்க ஈ காக்கா கெடையாதும்மா. சாவு வூட்டுக்குப் போயிட்டு வந்த காரு. எது ஏறிக்கிட்டு வந்துச்சோ. நல்ல பூசாரியாப் பாருங்க."

படித்த மனிதர், ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குப் பேய் ஓட்டச் சொன்னீர்கள். ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். காரின் பம்பரில் எலுமிச்சம்பழம் தொங்கியது. பானட்டில் வேப்பிலை. அண்ணன் தன் காருக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து, பழம் வாடினால் அவரே புதுசு மாற்றிக் கட்டினார்.

பிறகு ஒரு சனிக்கிழமை, பளபளக்கிற பச்சை வெஸ்ட் போட்ட ஒருவன் வந்தான். "கார் சத்தத்தால தெருவுக்குத் தொந்தரவுன்னு கேள்விப்பட்டோம். ஆபீஸ்லேருந்து ஃப்ரீயா பாத்துத் தரச் சொன்னாங்க" என்றான். பானட்டைத் திறந்து குனிந்தான். வெயிலாக இருக்கிறதே என்று நாங்கள்தான் அவனுக்கு மோர் கொடுத்தோம். ஊறுகாயும் கேட்டு வாங்கிக்கொண்டான். பானட்டை மூடிவிட்டு, "இனிமே தேவைக்கு மட்டும் கத்தும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் ஞாயிறு. காலையில் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், தூளியில் குழந்தை இல்லை.

வாசலுக்கு ஓடினேன். எதிரே அம்பாசிடரின் பின் சீட்டில், இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸுக்கு நடுவில், மைக் துடைக்கிற துணியை விரித்து, என் மகளைப் படுக்க வைத்திருந்தார் அண்ணன். கண்ணாடி நாலும் இறக்கியிருந்தது. அவர் வெளியே நின்று அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கேட்காமல் தூக்கலாமா, வெங்காயக் காரில் போடலாமா, உங்களுக்கு மூளை இருக்கிறதா என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் வாய் அசைவதைப் பார்த்துச் சிரித்தார்.

"செக்... செக்... குழாயில கை வெச்சுப் பாத்தேன் தங்கச்சி. தட்டுனாக்கூட உசுரு இல்ல. காரு ஊமையாயிருச்சு. அது சொல்லாதுன்னா பாப்பா அங்க இருக்கக் கூடாதுல்ல? இதுக்கு மேல இரும்புக் கூரை."

நான் இன்னும் கத்திக்கொண்டிருந்தேன். நாய்கள் என் காலை உரசிக்கொண்டு காருக்கு அடியில் போயின. அண்ணனின் கை பானட்டின்மேல் இருந்தது. அவர் சிரிப்பு நின்றது.

கார் அழவில்லை. அந்த மௌனம்தான் நான் கேட்டதிலேயே மோசமான சத்தம். பிறகு, அடியில் யாரோ கதவைச் சாத்தினார்கள். என் வீட்டுக்குள் ஏதோ சரிந்து விழுந்தது.

அண்ணனுக்கு அதுவும் கேட்கவில்லை. பானட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இப்பத்தான் வெடி அடிச்சான்" என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். தூளி கனமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, குழந்தை இருந்தால் தொங்குகிற மாதிரியே. லேசாக ஆடிக்கொண்டும் இருந்தது. விலக்கிப் பார்த்தால் உள்ளே உடைந்த ஓடுகள். மேலே வானம் தெரிந்தது.

சவரியை வரவழைத்தோம். குனிந்தவன் வாயில் வராத வார்த்தை வந்தது. ஹாரனுக்குப் போகிற ஒயர் இரண்டாக வெட்டப்பட்டிருந்தது. இதைச் சொல்ல உங்கள் ஆபீசுக்கு இரண்டாவது தடவை வந்தபோதுதான் மோர் கொடுத்தீர்கள். "எலி கடிச்சிருக்கும்மா, பழைய காருல சகஜம்" என்றீர்கள். வெட்டிய இரண்டு முனையிலும் கறுப்பு டேப் அழகாகச் சுற்றியிருக்கிறது, ஐயா. எங்கள் ஊர் எலி ஒயரைக் கடிக்கும். டேப் சுற்றாது. ஊறுகாயும் கேட்டு வாங்காது.

ஒயரைச் சேர்த்தாயிற்று. திருகு ஃபுல்லில் இருக்கிறது. அண்ணனே பார்த்து வைத்தார். கார் அழுகிறது. உடைந்த ஓடுகளை மாற்றிவிட்டேன். குழந்தை மட்டும் இப்போது தூளியில் தூங்க மறுக்கிறாள். காரில் போட்டால்தான் கண்ணை மூடுகிறாள். துணியெல்லாம் வெங்காய வாசனை. அவரிடம் நான் இன்றைக்கும் சண்டைதான் போடுகிறேன்.

வருகிற கிராம சபைக்கு வாருங்கள், மேனேஜர் ஐயா. மோர் நாங்கள் கொடுக்கிறோம். கொடி ஆளைப் போதும் என்று நிறுத்தியது யார், ஞாயிற்றுக்கிழமைகளில் பூமிக்கு அடியில் நீங்கள் சாத்துகிற கதவு எது, பச்சை வெஸ்ட் போட்டவனை அனுப்பியது எதற்கு என்று எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்லுங்கள். தனியாக என்னிடம் சொல்ல வேண்டாம். மைக்கில் சொல்லுங்கள்.

மைக் எங்கள் அண்ணனுடையதுதான். "செக்... செக்..." என்று தட்டிப் பார்த்து உங்கள் கையில் கொடுப்பார். பிறகு ஸ்பீக்கர் பாக்ஸின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நீங்கள் பேசுவதில் ஒரு வார்த்தைகூட அவருக்குக் கேட்காது. அதற்காக விட்டுவிடாதீர்கள். நான் பக்கத்திலேயே நிற்பேன். நீங்கள் சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை விடாமல் அவர் காதில் கத்துவேன். அந்த மனிதருக்காக என் தொண்டை இருக்கிறவரைக்கும் கத்துவேன்.